நான்காம் நாள் முட்டை

சிலிண்டரை இறக்கியாயிற்று.
பவளப் பையை இன்னும் அலசக்கூட இல்லை,
லுஸ்ஸோரியோ குனிந்துவிட்டான்.
முதலில் ஏப்பம், நீளமாய், உப்புக் கரிக்க.
பிறகு தொப்புளைச் சுற்றி
ஏதோ புரள்கிறது என்கிறான்.
மூன்று நாள் ரொட்டித் துண்டுகூட இறங்காது.
நான்காம் நாள் காலை
ஒன்றுமே நடக்காதவன் போல
மூன்று முட்டை கேட்பான்.

நோட்டுப் போட்டு எழுதினேன்.
தக்காளியை நிறுத்தினேன். ஆட்டுப் பாலாடைக்கட்டியை நிறுத்தினேன்.
அவன் மாமா பீப்பாயோடு கொண்டுவந்த திராட்சை மதுவையும்.
காற்று நிரப்பித் தரும் கடைக்குப் போய்
எண்ணெய் நாற்றம் அடிக்கிறதா என்று
குழாயில் மூக்கை வைத்துப் பார்த்தேன்.
கடைக்காரன் சிரித்தான்.

சாசரி மருத்துவமனையில் கேமரா விட்டுப் பார்த்தார்கள்.
டாக்டர் மெலோனி திரையை என் பக்கம் திருப்பினாள்:
இளஞ்சிவப்பாய், ஈரமாய்,
இவன் பவளம் தேடி நுழையும் குகை
இப்படித்தான் இருக்குமோ.
"பாருங்கள், ஒன்றுமில்லை."
அந்த ஒன்றுமில்லைக்கு
நூற்றியெண்பது யூரோ.

"ஆழத்தில் காற்றை விழுங்குகிறாரோ என்னவோ.
எண்பது மீட்டரில் ஒரு மிடறு விழுங்கினால்
மேலே வந்ததும் அது ஒன்பது மிடறு."
"நான் எதற்கு விழுங்கப் போகிறேன்" என்றான்,
பாதியை மென்று, பாதியை முழுங்கி.

காப்போ காச்சாவுக்கு வெளியே ஒரு பாறை விளிம்பு.
சென்ற அக்டோபரில் பக்கீஸ்
விளக்கை ஆட்டிக் காட்டிவிட்டு
அதற்குக் கீழே இறங்கினான்.
விளக்கு மட்டும் எரிந்துகொண்டே கிடந்ததாம்.
இதை இவன் என்னிடம் சொல்லவில்லை.
பக்கீஸின் மனைவியிடம் சொன்னான்,
நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன்.
அக்டோபருக்கு முன்பே
ஜூலையில் ஒருமுறை. ஜூனில் இருமுறை.
அப்படியானால்
அதுவும் இல்லை.

இரவில் அவன் வயிற்றில் காது வைக்கிறேன்.
ஒரு குமிழ் கிளம்புகிறது.
நிற்கிறது.
யோசித்து மறுபடி கிளம்புகிறது,
கயிற்றைப் பிடித்து
நிமிடங்களை எண்ணி ஏறுகிறவனைப் போல.
"என்ன கேட்கிறது?"
"பசி."

செவ்வாய்க்கிழமை காற்று அடங்கும் என்கிறது ரேடியோ.
கயிற்றைக் காயப் போட்டிருக்கிறான்.
நான் முட்டை வாங்கி வைத்திருக்கிறேன்,
மூன்று,
வெள்ளிக்கிழமைக்கு.