மூன்று விரல்

பல் பிடுங்கப் போனது மகளுக்குத்தான்.
ஏழு வயது. பால்பல் விழாமல்
பின்னாலேயே புதுப்பல் முளைத்து
கீழே இரண்டு வரிசை, சுறாக்குட்டி மாதிரி.

தாம்வே சந்தையின் பின்தெருவில்
டாக்டர் தின் தின் ஏ "ஆ" என்றார்.
தேவகுஞ்சரி திறந்தாள் பாருங்கள்,
உள்நாக்கு தெரிய,
வழியில் வாங்கித் தந்த ஐஸின் சிவப்புத் தெரிய,
கடைவாயில் கறுப்பாய் இரண்டு சொத்தை தெரிய.
பால்புட்டியோடு தூங்க விட்டீர்களா?
விட்டேன்.
தூங்கினால் போதும் என்றிருந்த வருடங்கள் அவை.

பல் வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், ஒரு பஞ்சு.
"அப்பாதான் கண்ணை மூடிக்கிட்டார்" என்று
பஞ்சோடு சிரித்தாள்.
டாக்டர் அப்போதுதான் அவரைப் பார்த்தார்.
ஊரெல்லாம் இருக்கிற சிவப்புப் பற்கள்தான்.
இருந்தும் சொன்னார்,
"நீங்களும் ஒரு தரம் உட்காருங்கள்."

மூன்று விரல் போக வேண்டும்.
அவரவர் வாயில் அவரவர் விரல்,
ஒன்றன்மேல் ஒன்றாக. அதுதான் கணக்கு.
டாக்சி ஓட்டிக் காய்த்த விரல்
முதலாவது போயிற்று.
இரண்டாவது நகத்தோடு நின்றது.
மகள் தன் வாயில் நான்கை நுழைத்து
"இப்படிப்பா" என்று காட்டினாள்.

எனக்குத் தெரியாமலா?
சோற்றுருண்டை சிறுத்துக்கொண்டே வந்தது.
காரம் எரிகிறது என்றார், மிளகாயைக் குறைத்தேன்.
கொய்யாவை நறுக்கச் சொன்னார், நறுக்கினேன்.
கொட்டாவி பாதியில் நிற்கும்.
காவடிக்குப் பின்னால் தெருவே அரோகரா என்றபோது
இவர் உதடு மட்டும் அசைந்தது.
பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

கன்னத்தின் உட்புறத்தைத் தடவி
"கயிறாய் இறுகிவிட்டது" என்றார் டாக்டர்.
ஓரத்தில் வெள்ளையாய் ஒரு தடிப்பு.
மாதம் ஒரு முறை காட்ட வேண்டுமாம்.
"குன்யா நாளைக்கு எத்தனை?"
மாரிக்கண்ணு என்னைப் பார்த்தார்.
காசு கொடுத்து வாங்கியிருந்தால் அல்லவா
எண்ணி வைத்திருப்பார்.

கடை என்னுடையது.
பஸ் நிற்குமிடத்தில், கிழிந்த குடையின் கீழே.
வெற்றிலையில் சுண்ணாம்பை ஒரே இழுப்பு,
பாக்கு, ஏலம், ஊறிய புகையிலை,
பார்க்காமலே மடிப்பேன்.
விடியற்காலை முதல் கட்டு அவருக்கு.
பல் ஆட ஆரம்பித்ததும்
பாக்கை இடித்துக் கொடுத்தேன்,
கடிக்கச் சிரமப்படக் கூடாதே என்று.

குன்யா ஒழிந்தால்தான் மற்றதெல்லாம் என்றார் டாக்டர்.
பிறகு ஐஸ் குச்சிகள்.
அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருக வேண்டும்,
வாரத்துக்கு ஒன்று கூட்ட வேண்டும்.
பன்னிரண்டில் தொடங்கினோம்.
மகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணம் அடித்தாள்.
ராத்திரி அவர் குச்சியைக் கடித்துக்கொண்டிருக்கும் நேரம்
அவள் பல் தேய்க்கும் நேரம்.
ஒருவருக்கொருவர் கடிகாரம்.
அவள் நுரையோடு நாக்கை நீட்டி அழகு காட்டுவாள்.
இவர் குச்சிகளை எடுத்துவிட்டு முயல்வார்.
நுனி உதடு வரை வரும்.
"தோத்துட்டீங்க" என்பாள்.

பதினான்கில் நின்று மூன்று வாரமாகிறது.

கடையை மூடவில்லை.
மூடினால் வாடகையைக் குடையா கட்டும்?
பக்கத்தில் வாழைப்பழச் சீப்பும் தொங்கவிட்டிருக்கிறேன்,
கறுத்தபின் நாங்களே தின்கிறோம்.
அவர் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார்,
வாசனை படக் கூடாதென்று.

இன்று காலை
மீசை அரும்பாத பஸ் பையன் ஒருவன்
ஐந்து கட்டு கேட்டான்.
வாயைத் திற, விரலை வை என்றேன்.
சிரித்தான், வைத்தான்.
மூன்றும் வழுக்கிக்கொண்டு போயின.
வெற்றிலை தீர்ந்துவிட்டதப்பா என்றேன்.
ஈரத் துணிக்கு வெளியே
காம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன.
அவனும் பார்த்தான்.