எந்த மாதம் வரலாம்

எந்த மாதம் வரலாம் என்று
நேற்றிரவு கேட்டிருந்தாய், செண்பகவல்லி.
பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டதாம்.
பினாங்கில் ஏது பருவம், வெயிலும் மழையும்தானே
என்றாராம் உன் வீட்டுக்காரர்.
பதினோரு வருடமாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன்.
எத்தனை பருவம் என்று அவர்
என் வைப்பரைக் கேட்கட்டும்.

தைப்பூசத்தன்று வேண்டாம்.
தண்ணீர்மலைச் சாலையை அடைத்துவிடுவார்கள்.
மறுநாள் என்றால் வா.
சிதறுகாய்ச் சில்லுகளை லாரி வாரிப் போயிருக்கும்.
தார் மட்டும் இளநீர் வாசத்தில் வழுக்கும்.
பக்கத்துத் தாவரப் பூங்காவில்
நாகலிங்க மரத்தடியில் ஒரு குரங்கு
யாருடைய பையையோ
சுங்க அதிகாரிபோல் பிரித்துக்கொண்டிருக்கும்.

மார்ச்சை நம்பாதே.
மூன்று வாரம் மழை தவறினால்
சாலையோர டெக்கோமா மரங்கள்
இலையெல்லாம் உதறிவிட்டு
ஒரே காலையில் இளஞ்சிவப்பாகும்.
சக்குரா, சக்குரா என்று
நடுரோட்டில் காரை நிறுத்திப் படமெடுப்பார்கள்.
வியாழன் பூத்தது
சனிக்கிழமை சாக்கடையில் மிதக்கும்.
இதற்கு எப்படி நீ விமான டிக்கெட் எடுப்பாய்?

மழை திரும்பியதும் கெராச்சுட் நல்லது.
தெலுக் பஹாங்கிலிருந்து காட்டுக்குள் நடை,
வேர்களே படிக்கட்டு.
கடற்கரைக்குச் சற்று முன்னே ஓர் ஏரி.
மேலே மழைத்தண்ணீர், அடியில் கடல்தண்ணீர்,
இரண்டும் கலப்பதில்லை.
மேலே குளிர்ச்சி, அடியில் வெதுவெதுப்பு.
வறண்ட மாதங்களில் வெறும் பள்ளம்.
பயணிகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம்
உன் நினைப்பு வரும்.
நம்மில் யார் மேல்தண்ணீர் என்று கேட்காதே.

இப்போது டுரியான்.
பாலிக் புலாவ் சரிவெல்லாம் வலை கட்டியிருக்கிறது.
பழத்துக்குக் கண் உண்டு, ஆள்மேல் விழாது
என்பார் தோட்டக்கார ஆ கூன்.
போன வாரம் என் வேனின் பக்கக் கண்ணாடிமேல் விழுந்தது.
அன்று கண்ணயர்ந்துவிட்டது போலும்.
நாலு நாள் ஜன்னலைத் திறந்தே ஓட்டினேன்,
ஜெர்மன் தம்பதி மூக்கைப் பொத்திக்கொண்டே
கடலைப் பார்த்து வந்தார்கள்.

ஆகஸ்டில் புகைமூட்டம் வரலாம், வராமலும் போகலாம்.
வந்தால்
கொடிமலை உச்சியில் பாலம் தெரியாது,
கடல் தெரியாது,
கையிலிருக்கும் டிக்கெட்டின் விலை மட்டும் தெரியும்.

டிசம்பரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.
போன முறை அப்போதுதான் வந்தாய்.
வானம் கழுவி வைத்தாற்போல் இருந்தது,
ஃபெரிங்கி கடலோரம் கால்வைக்க இடமில்லை,
எனக்கு ஒரு நாளைக்கு மூன்று சவாரி.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இரவு ஷிப்ட் முழுக்கப் பேசித் தீராதவர்கள்,
ஐந்து நாளில்
விமான நிலையத்துக்கு உன்னைக் கொண்டுபோய் இறக்கிய
இருபது நிமிடம்தான் மிச்சம்.
அதற்கும் நீ காசு நீட்டினாய்.
நான் வாங்கிக்கொண்டேன்.

ஆகவே
நவம்பரில் வா.
ஐப்பசி அடைமழை என்ற பேச்சு
கடல் தாண்டியும் பொய்க்கவில்லை.
மண் சரிந்து மலைச்சாலை மூடியிருக்கும்.
அலை ஏறி, படகுக்காரர்கள் கடைவாசலில்
தாம் ஆடுவார்கள்.
எந்தக் கையேடும் பரிந்துரைக்காத மாதம்.
என் வேன் குளுகோர் வீட்டு வாசலில்
நாள்கணக்கில் சும்மா நனையும்.

ஆயர் ஈத்தாம் அணை வரைக்கும் போகலாம்,
சாலை திறந்திருந்தால்.
இல்லாவிட்டால் திறந்திருக்கிற இடம் வரைக்கும்.
எஞ்சினை அணைத்துவிடுவேன். வைப்பரையும்.
பிளாஸ்கில் கோப்பி, பொட்டலத்தில் சூடாக வடை.
பார்க்க ஒன்றும் இருக்காது,
கண்ணாடி முழுக்கத் தண்ணீர்,
அதற்கு அப்பால்
இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

குடை கொண்டுவராதே.
பயணிகள் மறந்துவிட்டுப் போனவை
வேனில் ஆறு கிடக்கின்றன.