மக்காச்சோளம் இல்லாத ஊரில்

முதல் நாள் ஆளுக்கொன்றாகக் கொடுத்தது
தகரத் துண்டு, கத்தரி, சுத்தியல்,
பிளாஸ்டிக் உறை போட்ட கையேடு.
பாடம் ஒன்று: மக்காச்சோளம் உதிர்க்கும் கருவி.

கோட்டூர்ப் பக்கம் மக்காச்சோளத்தை
மன்னார்குடி பேருந்து நிலையத்தில்
சுட்டு விற்கத்தான் பார்த்திருக்கிறோம்.
சொன்னோம்.
பயிற்சி கொடுக்க வந்த ஜெனிட்டா,
வேளாங்கண்ணிக்காரி, சிரித்துவிட்டாள்.
"புத்தகம் வேற நாட்டுக்கு எழுதினது அக்கா.
கை நம்மளுதுதானே."

சமுதாயக் கூடத்தில், புயலுக்குப் பிறகு போட்ட
நீலத் தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டு
பதினோரு பேர், பதினோரு கருவி.
வட்டமாக வளைத்து, நாலு இடத்தில் உள்ளே அமுக்கி.
ஆறாம் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு வரி:
விளிம்பை மடிக்காமல் விடாதே, கையை அறுக்கும்.
வாலண்டினா மடிக்காமல் விட்டாள்.
மூன்று தையல்.

உதிர்க்க ஒரு கதிர்கூட இல்லாமல்
கருவிகள் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தன.
என்னுடையதை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.
மகன் அதில் பேனா போட்டு வைத்தான்.

இரண்டாம் வாரம்:
உன் சிக்கலை ஒரே வரியில் எழுது.
கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றார்கள்,
குழுக்கடன் என்றார்கள்,
ஒருவர் பக்கம் முழுக்க எழுதிவிட்டு
இன்னொரு தாள் கேட்டார்.
நான் எழுதியது: கால் சுடுது.

புரியவில்லை என்றாள். கூட்டிப்போய்க் காட்டினேன்.
கொள்முதல் நிலையத்துக்கு வெளியே தார்ச்சாலை.
குறுவை நெல்லைக் கொட்டிப் பரப்பி
கோழி சீய்ப்பதுபோல் காலால் சீய்த்துக்கொண்டே
மேலும் கீழும் நடக்கிறோம்,
ஈரப்பதம் பதினேழுக்கு இறங்கும்வரை.
இறங்குகிற நேரம் பார்த்து மேகம் கட்டும்.

ஜெனிட்டா செருப்பைக் கழற்றினாள்.
போய்த் திரும்பினாள் ஒரு நடை.
இரண்டாவது நடைக்குப் பாதியிலேயே
ஓரத்துப் புல்லில் குதித்து நின்றுகொண்டு
சிக்கல் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றாள்.

முதல் மாதிரி:
பழைய சைக்கிளின் முன்சக்கரம், பிடி,
எண்ணெய் டின்னை வெட்டின ஒன்பது பல்.
தள்ளினால் வெண்ணெயாகப் போனது.
திரும்பிப் பார்த்தால் வழியெல்லாம் வெள்ளை.
நெல்லை உரித்து அரிசியாக்கிக்கொண்டே வந்திருக்கிறது.
"மில்லே வச்சிட்டியே" என்றார் வீட்டுக்காரர்.
இரண்டாவதுக்கு மரப்பல்.
தாவூது பட்டறையில் ஓசியில் இழைத்தது.
முக்கால் மணி நேரத்தில் மூன்று பல் போச்சு.

அன்றைக்கு ராத்திரி கரண்ட் இல்லை.
தீப்பெட்டி தேடின கைக்குப் பேனாக்கூடு தட்டுப்பட்டது.
உள்ளே விரலை விட்டேன்.
நாலு புடைப்பு, வழவழவென்று சுற்றிவந்த விளிம்பு.
கையை அறுக்காதது நெல்லை மட்டும் அறுக்குமா?
இருட்டிலேயே எழுந்து உட்கார்ந்தேன்.

மூன்றாவது இன்னும் ஓடுகிறது.
இரண்டு பேர் செருப்போடு நடந்தால்
ஆறு பேர் காலுக்குச் சமம்.
மற்ற நாலு பேருக்கு அன்றைக்குக் கூலி எங்கே என்று
வாலண்டினா கேட்டாள்.
கையேட்டில் அதற்குப் பக்கம் இல்லை.
முறை வைத்துத் தள்ளுகிறோம் இப்போதைக்கு.

முதல் லோடு அன்று மீட்டர் காட்டியது
பதினெட்டு புள்ளி இரண்டு.
நாளைக்குப் பாப்போம் என்றார்.
தார்ப்பாய் இழுத்து மூடினோம். மழை பெய்தது.

கடைசிப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறது:
நீங்கள் செய்ததை இங்கே வரையவும்.
வரைந்தேன். சக்கரம் கோணிக்கொண்டது.
ஜெனிட்டா படம் பிடித்தாள்,
அடுத்த அச்சில் சேர்ப்பார்களாம்,
மக்காச்சோளம் விளைகிற ஊருக்கும் போகுமாம்.

நெல்லா, கடையில்தான் பார்த்திருக்கிறோம் என்று
அங்கே எவளோ சிரிப்பாள். சிரிக்கட்டும்.
செய்துவிட்டு ஜன்னலில் வைக்கட்டும்.

அளவு கேட்டிருந்த இடத்தில்
பல்லின் நீளம்: சுண்டுவிரல் என்று போட்டேன்.
சென்டிமீட்டரில் வேண்டுமென்றாள் ஜெனிட்டா.
வேண்டாம்.
தள்ளப்போகிறவள் விரல் எனக்கென்ன தெரியும்.