சாவா

முதல் பாடம் ஒரு கேள்வி.
சோசியான் டீச்சர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள்,
பலகையில் எழுதிவிட்டு
ஒவ்வொருவர் பக்கமாய்க் கை நீட்டிக் கேட்டாள்:
சாவா?

என் முறை வந்தபோது
தமிழ்க் காதுக்குள் அது வேறாய் விழுந்தது.
யாருக்கு, எப்போது, எந்த ஆஸ்பத்திரியில்
என்று கேட்கத்தான் வாய் உன்னியது.
சுகமா என்றுதான் கேட்கிறாள் என்று
காதுக்குள் சொன்னாள் யொலாண்டா.
பொகோத்தாவில் பல் வைத்தியராய் இருந்தவள்.
இங்கே என்னோடு முட்டைப் பெட்டி அடுக்குகிறாள்.

கேள்விக்குப் பதிலும் அதுவேதானாம்.
சாவா? சாவா.
சுருதியை மட்டும் இறக்கினால் போதும்.
இவ்வளவு சிக்கனமான மொழியா என்று நினைத்தேன்.
அடுத்த கிழமை எண்கள் வந்தன.
எண்பதுக்கு இவர்களிடம் சொல் இல்லை,
நாலு இருபது என்கிறார்கள்.
மொன்றியலில் நான் வேலைக்கு ஏறும் பஸ்
அன்றிலிருந்து நாலு இருபது.

இவர்களின் ர
தொண்டைக்குள் முள் சிக்கினாற்போல் வரும்.
கோப்பை கழுவும்போது பழகினேன்.
அம்மா, தடிமனோ? என்றான் மகன்,
படித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கதையிலிருந்து
தலை தூக்காமல்.

ஒரே ஒரு ஆறுதல்:
இங்கே நீயும் உண்டு, நீங்களும் உண்டு.
டொரொண்டோவில் ஒன்பது வருடம்
முதலாளியையும் முதலாளியின் பூனையையும்
ஒரே யூ போட்டு அழைத்தவளுக்கு
தெரிந்த முகமொன்று தெருவில் எதிர்ப்பட்டதுபோல் இருந்தது.

மேல்வீட்டுக் கயேத்தானுக்கு எழுபது இருக்கும்.
காலையில் இரும்புப் படியால் நாயோடு இறங்குவார்.
நாயின் பெயர் பிஸ்தாஷ்.
சாவா? என்பார். சாவா, என்பேன்.
பிறகு ஏதோ நீளமாய்ச் சொல்வார்.
வீ, வீ என்று தலையாட்டுவேன்.
பிஸ்தாஷுக்கு விளங்கியதில் பாதிகூட
எனக்கு விளங்கியிராது.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்.
இன்றைக்கு நானே முதலில் கேட்பது
என்று பல் தீட்டும்போதே முடிவெடுத்திருந்தேன்.
படியெல்லாம் உப்புத் தூவிக் கிடந்தது.
அவர் கடைசிப் படிக்கு வரும்வரை பொறுத்து,
சாவா? என்றேன்.
சுருதி அச்சாவாய் ஏறியது.
சோசியான் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பாள்.

அவர் கையில் வார் இருந்தது.
வாரின் மறுமுனையில் ஒன்றும் இல்லை.
கொக்கி மட்டும் கம்பியில்
தட்டிக்கொண்டிருந்தது.

நோன், என்றார். சாவா பா.

எங்கள் புத்தகத்தில் அந்தப் பதில் இல்லை.
அதில் எல்லோரும் சுகம். மரி சுகம்,
மரியின் தாய் சுகம், தபால்காரர் சுகம்.
நான் கேட்டது
எந்த மொழியில் அவரிடம் போய்ச் சேர்ந்ததோ
என்று பயந்துபோய் நின்றேன்.

தலைக்குள் துழாவினேன்.
குடை இருந்தது. இரண்டு கிலோ அப்பிள் இருந்தது.
நூலகம் எங்கே இருக்கிறது, இருந்தது.
வெறும் வாருக்கு ஒரு சொல்லும் இல்லை.
கிடைத்ததைச் சொன்னேன்:
குளிராய் இருக்கிறது.

வீ, என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
குளிராய் இருக்கிறது, என்றார்.

இரண்டு பேரும் தெருவைப் பார்த்தோம்.
பனி தள்ளும் வண்டியொன்று
மஞ்சள் விளக்குச் சுழலச் சுழலப் போனது.
முடக்கில் நாலு இருபது நின்று,
என்னை ஏற்றாமல் போனது.

நீ, கோப்பி? என்றேன்.
வினைச்சொல்லே இல்லை.
நீங்கள் என்று சொல்ல வேண்டிய இடம்,
பரீட்சையில் இரண்டு புள்ளி போயிருக்கும்.

அவர் திருத்தவில்லை.
வாரைச் சுற்றிச் சுற்றிக்
கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு
என் கதவடியில் சப்பாத்தின் பனியைத் தட்டினார்.
நீளமாய் ஏதோ சொன்னார்.
ஒரு நீ மட்டும்
தெளிவாய்க் கேட்டது.