பில்லின் ஏழாவது வரி

மேஸ்திரி எப்போது வருவார் என்று
பெங்களூரிலிருந்து கேட்டார் மகன்.
பேசுவதே மேஸ்திரிதான் சார் என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் மழை மட்டும் பெய்தது.

வீடு முழுக்க ஒரே மட்டம் வேண்டும்.
அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது,
எங்கும் கால் தடுக்கக் கூடாது.
படம் அனுப்பினார்: தேன் நிறப் பலகை,
முன்வாசல் தொடங்கிக் கொல்லை வரை
ஒரே ஓட்டம்.

கோத்தகிரியில், ராம்சந்த் தாண்டி
பஸ் மூச்சு வாங்கும் வளைவில் அந்த வீடு.
ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு வீடு.
டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பிடித்தால்
நான்கு.

ஹாலில் தேக்குப் பலகை, அடியில் சட்டம்,
அதற்கும் அடியில் ஒரு முழம் இருட்டு.
சாப்பாட்டு அறை, செங்கல் ஜல்லிமேல் சுண்ணாம்பு;
முக்கால் இன்ச் பள்ளம்.
படுக்கையறை சிவப்புக் காவி,
முகம் பார்க்கலாம், நடுவில் மட்டும் வயிறு உப்பி.
பின்கட்டில் யாரோ அவசரமாகப் போட்ட சிமெண்ட்
பணம் தீர்ந்த இடத்தில் நின்றிருந்தது.
அருள்தாஸ் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டான்.
யோசித்து யோசித்துப் போய்
பீரோவுக்கு அடியில் ஒளிந்தது அது.

ஹால் பலகையை நெம்பினோம்.
மூன்றாவது சட்டத்தின் நுனி மட்கிப்போய்,
முட்டுக்கு நசுக்கிச் செருகிய மத்திமீன் டப்பா.
எனக்கு முன்னால் வந்தவன்
அதற்குக் கணக்கில் என்ன எழுதினானோ.

ராத்திரி ஒவ்வொரு அறையிலும்
பாலிதீன் ஷீட் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டினேன்.
ஐப்பசி. காலையில்
ஹால் ஷீட் காய்ந்து கிடந்தது.
பின்கட்டு ஷீட்டுக்கு அடியில்
முத்து முத்தாக மலையின் வியர்வை.

பெள்ளிராஜ் சார் தேயிலை ருசி பார்த்தே
முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவர்.
நாங்கள் பெயர்க்கும் இடமெல்லாம் நாற்காலி போட்டார்.
சுண்ணாம்புக்கு வந்துட்டீங்களா என்பார், சத்தத்தை வைத்தே.
மூன்றாம் நாள் சொன்னார்:
பலகை முனகினா ஹால்.
முனகலேன்னா ஜன்னல் பக்கம்.
கால் ஒரு விரக்கடை இறங்கினா சாப்பாடு.
பாதம் ஜில்லுன்னா என் கட்டில்.
எல்லாத்தையும் சமமாக்கிட்டா
நான் எங்கே இருக்கேன்னு யாரும்மா சொல்லுவா?

லெவலிங் பவுடர் இருபத்திரண்டு மூட்டை
ஏற்கெனவே இறங்கியிருந்தது. பேசாமல் கலக்கினேன்.

ஊற்றினால் தானே ஓடித் தானே அடங்கும் அது.
பார்க்க நன்றாக இருக்கும்.
பள்ளம் மூடியது. காவியின் வயிற்றை அரைத்து இறக்கினோம்.
கதவுகளின் அடியைச் சீவினோம்.
பின்கட்டை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்;
ஈரத்தின்மேல் பலகை போட்டால்
தை மாதம் படகு மாதிரி நிற்கும்.

பலகை வந்ததும் மூன்று நாள்
அந்தந்த அறையிலேயே கிடக்கவிட்டேன்,
குளிர் பழகட்டும் என்று.
பிறகு கோத்தோம். ஆனால்
ஓர் அறைப் பலகையை அடுத்த அறைப் பலகையோடு
முட்டவிடவில்லை. நிலைக்கு நிலை
ஒரு விரல் இடம், மேலே பித்தளைப் பட்டை.

மகன் வீடியோவில் பார்த்தார். ஒரே ஓட்டம் கேட்டேனே?
மழைக்குப் பலகை உப்பும் சார், பனிக்குச் சுருங்கும்.
இடம் விடாவிட்டால் முட்டிக்கொண்டு எழும்.
அது உண்மை.
ஒன்று வழவழப்பு, ஒன்றில் மூணு கோடு,
ஒன்று முள்ளு முள்ளா இருக்கு?
கடையில் ஒரே ரகத்தில் ஆறு இல்லை சார் என்றேன்.
அது உண்மை இல்லை.

கடைசி நாள் சாக்ஸைக் கழற்றிவிட்டு
மெல்ல நடந்து பார்த்தார்.
இரண்டாவது நிலையில் கட்டைவிரல்
பட்டையை இப்படியும் அப்படியும் தடவியது.
உட்காருங்க, டீ போடச் சொல்றேன் என்றார்,
மேஜை இருந்த பக்கம் சரியாகத் திரும்பி.

கோலிக்குண்டு வைத்த இடத்திலேயே நின்றது.
அருள்தாஸுக்குத்தான் ஏமாற்றம்.

பித்தளைப் பட்டை, ஆறு, கலந்த ரகம்.
அந்த வரியில் மட்டும்
மகன் ஐந்நூறு குறைத்தார்.