போச்சு

ஆயர் ஈத்தாம் கிளினிக்கில்
படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்:
பிள்ளை எத்தனை சொல் பேசுகிறான்?
மிஸ்ஸி நோராஸ்லினா பேனாவைத் திறந்து காத்திருந்தாள்.
என் மடியில் கவினேஷ்,
இரண்டு வயதும் ஒரு மாதமும்,
செருப்பின் ஒட்டுப்பட்டையைப் பிய்ப்பதும் ஒட்டுவதுமாய்.
அந்தச் சர்ர்ர் ஒன்றுதான் அன்று அவன் சொன்னது.

முட்டை போட அவளுக்கு மனமில்லை,
ஒரு கோடு போட்டாள்.
"பேசு. என்ன செய்தாலும்
அதைச் சொல்லிக்கொண்டே செய்."
எந்த மொழியில் என்றேன்.
"உனக்குக் கோபம் எந்த மொழியில் வருமோ அதில்."

எனக்கே பேச்சு வராது என்று அவளிடம் எப்படிச் சொல்ல.
பாயான் லெப்பாசில் பன்னிரண்டு மணி நேரம்
முகமூடிக்குள் வாய்.
கண்ணாடிக்கடியில் சில்லு:
கீறல் இருந்தால் இடது தட்டு,
இல்லையென்றால் வலது.
அதற்குச் சொல் வேண்டாம்.
கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் தூங்குவோம்.
வீட்டுக்கு வந்தால் கை நீட்டிப் போனைக் கேட்பான்,
கொடுத்துவிடுவேன்.
அது பேசும் எனக்குப் பதிலாக,
ஏதோ தேசத்து உச்சரிப்பில்
நிறங்களையும் டைனோசர்களையும்.

முதல் நாள் வெட்கமாக இருந்தது.
"அம்மா வெங்காயம் உரிக்கிறேன்" என்றேன்.
வெங்காயம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
"இது தோல். இது உள்தோல்.
இது கண்ணுத் தண்ணி."
மூன்றாம் நாள் சொல் தீர்ந்துபோய்
சூப்பர்வைசரைத் திட்ட ஆரம்பித்தேன்.
அது நன்றாக வந்தது.
ஓவர்டைம் போச்சு,
அலவன்ஸ் போச்சு,
இந்த மாசமும் போச்சு என்று
தட்டுக்குத் தட்டு கழுவிக்கொண்டே சொன்னேன்.
மேசைக்கடியில் அவன்
மைலோ டின் மூடியை உருட்டிக்கொண்டிருந்தான்.

ராத்திரியில் அவனை வைத்துக்கொள்வது
எதிர்வீட்டு ஆ கிம்.
பகலில் அவளுக்கு நம்பர்க் கடையில் வேலை.
பேசு என்று அவளிடமும் சொல்லிவைத்தேன்.
ஹொக்கியனில் பேசினாள்;
பாதி என்னைப் பற்றித்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெர்ரிக்கு ஓடினோம்,
இவன் இடுப்பில், பை தோளில்.
கண்ணெதிரே கதவு சாத்தி
நுரை விட்டுக் கிளம்பியது.
"போச்சு" என்றான்.

தெளிவாக. அந்தச் ச்சு-வில் அழுத்தம் கொடுத்து,
உள்ளங்கையை மேலே திருப்பி,
என் அலுப்போடு, என் குரலில்.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நான் அவனை இறுக்கிக்கொண்டேன்,
முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
பால் இருந்தது, நிலா இருந்தது,
அத்தனை சொல்லையும் விட்டுவிட்டு
என் புலம்பலைப் பொறுக்கியிருக்கிறான்.

அப்புறம் எல்லாமே போச்சு.
லிப்ட் போச்சு. பல்லி போச்சு.
ரொட்டிக்காரர் மோட்டார் போச்சு.
கேஸ் தீர்ந்த அன்று ஆ கிம்மும்
அடுப்பைத் தட்டிப் போச்சு என்றாள்.
ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால்
கிரில்லைப் பிடித்து நிற்பான்.
நான் இன்னும் செருப்பே மாட்டியிருக்க மாட்டேன்,
"ம்மா போச்சு."
அன்று பஸ்ஸில் நான் மட்டும் தூங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பதாம் மாடி,
நடைபாதை முனையில் நான் திரும்பும்போதே
உள்ளேயிருந்து கேட்டது:
"ம்மா வந்துச்சு!"

இதை நான் அவனுக்குச் சொன்னதே இல்லை.
எப்படிச் சொல்வேன்?
வந்து சேருகிறவள் நான்.
உள்ளே இருப்பவர்கள்தானே சொல்ல வேண்டிய வார்த்தை அது.
ஆ கிம் பல் துலக்கிக்கொண்டே வந்தாள்.
விடிந்தால் போதும், என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும்,
நம்பர்க் கடையில் பொறுக்கிய தமிழில்
நாள் தவறாமல் அவனிடம் சொல்லியிருக்கிறாள்,
வந்துச்சு, வந்துச்சு,
பரிசு விழுந்த மாதிரி.

அம்மாவுக்கு 'வந்துச்சு' இல்லைடா என்று
திருத்த வாயெடுத்தேன்.
அவன் என் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான்.

எட்டே முக்காலுக்கு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.
கிரில் வழியே கை ஆட்டி
"ஆ கிம் போச்சு" என்றான்.
லிப்டுக்குள்ளிருந்து,
கதவு மூட மூட, அவள் கத்தினாள்:
"வரும்! வரும்!"

மார்ச்சில் அடுத்த தேதி.
கட்டம் அதே அளவுதான் இருக்கும்.