எட்டாவது ஆள்

"பழைய படத்துல பேய்க்குக் காலே காட்டல,"
அவித்த நண்டின் ஓட்டைப் பிளந்தபடி
பெப்பினா ஆரம்பித்தாள்.
"கொலுசுச் சத்தம் மட்டுந்தான். அதுவும் ஒரே தடவ.
இப்ப எடுத்திருக்கான் பாரு,
பல்லு, நகம், நாக்கு, கொடலு,
எல்லாத்தையும் கடைல தொங்க விட்டாப்ல."

மண்டபத்தில் நண்டுக் கம்பெனி, ராத்திரி ஷிப்ட்.
குழல்விளக்கின் கீழே பதினோரு பேர்,
தலையில் வலைத்தொப்பி,
விரல்நுனியில் வெள்ளைச் சதை.
சூப்பர்வைசர் கிளிட்டஸ் டீ குடிக்கப் போனால்
படம் பேசலாம்.

ஜமீலா புதுசின் கட்சி.
"பழச நான் டிவில பாத்தேன்.
அவ திரும்புற நேரம் சோப்பு விளம்பரம் வந்துருச்சு.
பயம் எங்கிட்டு வரும்?
இதுல அந்தக் கதவு தொறக்கையில
என் நெஞ்சுக்கூட்டுக்குள்ளதான் கீல் கத்துச்சு."

என்னைக் கேட்டார்கள்.
எனக்கு இரண்டின் மேலும் வருத்தம்.
பழையதில் கடைசி ரீலில் சாமியார் வந்துவிடுவார்,
புதியதில் டாக்டர் வந்துவிடுகிறார்.
பேய் பேசி முடிக்க
யாருமே விடுவதில்லை.

அதுவரை வாய் திறக்காமல் இருந்தாள் இருளாயி.
எங்களில் படத்திலேயே நடித்தவள் அவள்தான்.
மாசி மாதம், வாலிநோக்கம் உப்பளத்துக்கு
வேனில் ஏற்றிப் போனார்கள்.
ஆளுக்கு அறுநூறு ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம்,
திருப்பித் தர வேண்டிய வெள்ளைச் சேலை.
"செத்தவளா நில்லு" என்றானாம் ஒரு பொடியன்.
"செத்தவ எப்பிடிய்யா நிப்பா?"
"சும்மா நில்லுக்கா."
பாத்தி வரப்பில் விடியும்வரை வெறுங்காலோடு நின்றாள்.
பித்தவெடிப்பில் உப்பு ஏறி
கண்ணில் தண்ணீர் முட்டியபோது
தூரத்திலிருந்து "சூப்பர்" என்று சத்தம் வந்தது.

திரையில் மூன்று விநாடி.
அவள் முகத்தைத் தேய்த்து அழித்துவிட்டு
கம்ப்யூட்டரில் இரண்டு பொந்து வைத்திருந்தார்கள்.
"எம் மூஞ்சிக்கு என்னடி கொற?"
ராமநாதபுரத்தில் நாலு தடவை பார்த்தாள்,
இரண்டு தடவை கடைசி பஸ்ஸை விட்டாள்.
இடுப்பில் கை ஊன்றிய நிற்பை வைத்துத்தான்
தன்னையே கண்டுபிடித்தாள்.

"இப்ப அதில்ல விஷயம்" என்றாள்.
"வேன்ல போனது ஏழு பேரு.
நான், எங்க நாத்தனா பூமயிலு,
சிக்கல்காரிக அஞ்சு பேரு.
படத்துல எட்டு நிக்குது."

பெப்பினா சிரித்தாள்.
"கிராபிக்ஸ்டி. ஏழ எழுபதாக்குவான்."

ஜமீலா மடியிலிருந்து போனை எடுத்தாள்.
யாரோ அனுப்பிய துண்டுப் படம்.
நண்டுக் கையென்பதால் மணிக்கட்டால் அழுத்தினாள்,
இரண்டு தடவை தவறி
மூன்றாவதில் நிறுத்தினாள்.
பதினோரு வலைத்தொப்பிகளும் குனிந்தன.

உப்பு. நிலா. வரப்பின்மேல் வெள்ளைச் சேலைகள்.
ஓரத்தில், சற்றுத் தள்ளி, ஒன்று மட்டும்
குனிந்து கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தது.

"கொசுக்கடி" என்றாள் இருளாயி.
"கம்ப்யூட்டரு கொசுவையுமா போடும்?"

குளிரறை மோட்டார் ஒருமுறை செருமி
மறுபடி ஓடியது.
யாரும் கத்தவில்லை.
காசு கொடுத்துப் போன இடத்தில்
அத்தனை கத்து கத்தியவர்கள்.

பெப்பினாதான் கேட்டாள், மெல்ல:
"அதுக்குக் காலு தெரியுதா?"

ஜமீலா மூக்குநுனியால் பெரிதாக்கினாள்.
"தெரியுது. ரெண்டும்."

"அப்ப மனுசிதான்" என்றாள் பெப்பினா,
சொல்லிவிட்டு இன்னொருமுறை எட்டிப் பார்த்தாள்.

வெளியே கிளிட்டஸின் செருப்புச் சத்தம்.
போன் மடிக்குள் போனது,
விரல்கள் ஓட்டுக்குள் போயின.
தராசில் என் தட்டு ஐம்பது கிராம் குறைந்திருந்தது,
திட்டு விழுந்தது.

வெகுநேரம் கழித்து,
கொடுக்கை உடைத்துச் சதையை உருவியபடி
யாரையும் பார்க்காமல் இருளாயி சொன்னாள்:
"பொட்டலம் ஏழுதான் வந்துச்சு.
அது அன்னைக்கு
என்னத்தத் தின்னுருக்கும்?"